உடனடியாகத் தயைகூர்ந்து

திண்டுக்கல்லில் ஒரு சர்வாதிகாரியை எதிர்த்து இயக்கம் தொடங்கியது யார் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே புங்க மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதும் ஸ்தனிஸ்லாஸ் என்று பதில் சொல்லலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் நானே எழுதி வைக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் ஆத்தூர் பக்கம். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அரசாங்க வேலைக்கான பரீட்சையை ஆறு முறை எழுதினார். ஆறு முறையும் அரசாங்கம் தன் முடிவில் உறுதியாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து மனுக்களை வாங்கி வைக்கும் வேலை கிடைக்காததால், வெளியே உட்கார்ந்து மனுக்களை எழுதிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். மனைவி ஜெயமேரி பள்ளிக்கூட டீச்சர். வீட்டை ஓட்டியது அந்தச் சம்பளம். இவருடைய வருமானம் இவருடைய தன்மானத்துக்குச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை மனு நாள். கன்னிவாடியிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் முதல் பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், பாதையை மறித்து வேலி போட்ட பங்காளி என்று எதைச் சொன்னாலும் ஸ்தனிஸ்லாஸ் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, அதில் உள்ள கோபத்தை முழுக்க வடிகட்டிவிட்டு எழுதுவார். "உயர்திரு" என்று ஆரம்பித்து "பணிந்து வேண்டுகிறேன்" என்று முடியும். பங்காளியைக்கூட அவர் மனுவில் "மேற்படி நபர் அவர்கள்" என்றுதான் குறிப்பிடுவார்.

"வஞ்சு எழுதுனா மனு குப்பைக்குப் போகும்மா. கும்புட்டு எழுதுனா ஃபைலுக்குப் போகும்" என்பது அவர் தொழில் ரகசியம். ஃபைலுக்குப் போனபின் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. நல்ல மனிதரின் மனசை ஏன் புண்படுத்த வேண்டும்?

2023 ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை, பேகம்பூரிலிருந்து குர்ஷித் பேகம் வந்தார். அறுபத்தைந்து வயது, முட்டிவலி, கூடவே தோல் கிடங்கில் வேலை பார்க்கும் மகன் அஸ்பாக். அந்த அம்மாவின் தம்பி அப்துல் கையூம், பர்மாவில் மோல்மீன் என்ற ஊரில் டீக்கடை வைத்திருந்தவர். 1965இல் அங்கிருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது, இவர்களுடைய அம்மாவும் ஏழு வயதுக் குர்ஷித்தும் இங்கே வந்துவிட்டார்கள். கடையை விற்றுவிட்டு வருகிறேன் என்று அப்பா நாலு வயதுக் கையூமோடு அங்கேயே நின்றார். கடை கடைசிவரை விற்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை, 1998இல், அம்மா மவுத்தானபோது. மற்றபடி வெள்ளிக்கிழமைதோறும் போன்.

2021 பிப்ரவரியில் அந்த நாட்டை ராணுவம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் சாயங்காலமானால் வீட்டிலிருந்து பாத்திரத்தைத் தட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். கையூம் டீ பாய்லர் மூடியைத் தட்டினார். மார்ச் மாதம் கடையிலேயே வைத்துப் பிடித்துப் போனார்கள். அவருடைய மகள் ஷாஹினா ஒரு வருஷம் உள்ளூர்ச் சிறைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒருநாள், ஆளை வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது என்றார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. மறுபடி கேட்கப் போனபோது துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்கள்.

குர்ஷித் பேகம் தம்பியை விடுதலை செய்யச் சொல்லியெல்லாம் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று யாராவது கேட்டுச் சொன்னால் போதும் என்றார். தூதரகம், வெளியுறவு என்று முறையான வழிகளில் அஸ்பாக் முன்பே விண்ணப்பித்திருந்தான். கையூம் அந்த நாட்டுக் குடிமகன் என்பதால் கதை அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில், ஊரில் எல்லோரும் செய்வதைப்போல் மனு கொடுத்துப் பார்க்கலாம் என்று வந்திருந்தார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு மணி நேரம் எழுதினார். நான் டைப் செய்தேன். படித்தால் கல்லும் கரையும். எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நாளைக்கும் எனக்கு அங்கே ஜெராக்ஸ் ஓட வேண்டும்.

அந்த மனு மேலே ஒரு மேசைக்குப் போய், அங்கிருந்து வழக்கமான படிகளில் கீழே இறங்கி, ஐந்தாவது வாரம் ஒரு கிராம நிர்வாக அலுவலர் கையில் வந்து விழுந்தது. அவர் கடமை தவறாதவர். குர்ஷித் பேகத்தின் வீட்டுக்கே வந்து, ரேஷன் கார்டைப் பார்த்து, சிறைச்சாலையின் சர்வே நம்பர் தெரியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். பத்து நாளில் பதில் வந்தது. "மனுதாரர் குறிப்பிடும் சிறைச்சாலை இக்கிராம எல்லைக்குள் அமையவில்லை என்பது நேரடி விசாரணையில் தெரியவருகிறது. எனவே மனு முடிவு செய்யப்பட்டது."

ஸ்தனிஸ்லாஸ் அதை மூன்று முறை படித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோபம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, குர்ஷித் பேகத்தைப் பார்த்து, "உங்க தம்பிய யாரு புடிச்சு வச்சிருக்காரோ, அவருக்கே நேரா எழுதுவோம்மா" என்றார். அம்புட்டுக் கோபத்திலும் 'அவர்'தான்.

தனி ஆள் எழுதினால் அது வெறும் கடிதம், அமைப்பு எழுதினால் கோரிக்கை என்பது அவர் கட்சி. அதனால் அமைப்பு வேண்டும். மற்ற ஊர்களில் இயக்கங்கள் எப்படித் தொடங்குமோ எனக்குத் தெரியாது. எங்கள் இயக்கம் ரப்பர் ஸ்டாம்பில் தொடங்கியது. 'மியான்மர் ராணுவ ஆட்சி எதிர்ப்பு மக்கள் குழு, திண்டுக்கல்' என்று வட்டமாக ஒரு முத்திரை செய்துகொண்டு வந்துவிட்டார். பர்மா என்று போடாததில் குர்ஷித் பேகத்துக்கு வருத்தம். அவர் பிறந்த நாட்டின் பெயரையும் ராணுவம்தான் முன்னொரு காலத்தில் மாற்றியது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் முத்திரை வந்துவிட்டிருந்தது.

முதல் கூட்டம் என் கடையில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவில் நடந்தது. ஸ்தனிஸ்லாஸ், குர்ஷித் பேகம், அஸ்பாக், நான், அப்புறம் கருப்புசாமி. கருப்புசாமியைத் தெரியாத போலீஸ்காரர் ஊரில் கிடையாது. குடிதண்ணீரிலிருந்து கூடங்குளம்வரை இருபது வருஷமாக எல்லா ஆர்ப்பாட்டத்திலும் கோஷம் போட்டவர். மூன்று கட்சி மாறியவர், வார்டு தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றவர். தலைவர் பதவி இல்லாமல் தன்னால் தொண்டாற்ற முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் செயலாளர். அஸ்பாக் பொருளாளர். குர்ஷித் பேகம் கௌரவ ஆலோசகர். டைப் செய்கிறவள் என்பதால் என்னை யாரும் கேட்காமலே துணைச் செயலாளர் ஆக்கினார்கள். உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை.

அடுத்தது அந்த நாட்டு ராணுவத் தலைவருக்குக் கடிதம். ஸ்தனிஸ்லாஸ் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தார். "உயர்திரு ராணுவத் தலைவர் அவர்களின் மேலான கவனத்துக்கு. தாங்கள் தயைகூர்ந்து ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகி, சிறையிலுள்ள அப்பாவிகளை விடுவித்து, குறிப்பாக அப்துல் கையூம் என்பவரின் நலம் குறித்து அவர்தம் சகோதரிக்குத் தெரிவிக்குமாறு பணிந்து வேண்டுகிறோம்."

கருப்புசாமிக்கு ரத்தம் கொதித்தது. சர்வாதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் தயைகூர்ந்து என்று இருந்தால் தன்னுடைய அரசியல் எதிர்காலமே போய்விடும் என்றார். அதை எடுத்துவிட்டு 'உடனடியாக' என்று போடச் சொன்னார். உடனடியாக என்று எழுதினால் எந்த அதிகாரியும் வேண்டுமென்றே தாமதப்படுத்துவார், இது முப்பது வருஷ அனுபவம் என்றார் ஸ்தனிஸ்லாஸ். முக்கால் மணி நேரம் வாக்குவாதம். மக்களாட்சியில் சமரசம்தானே வழி? "தாங்கள் உடனடியாகத் தயைகூர்ந்து விலகி" என்று முடிவாகி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் போனது. தபால் ஆபீஸில் இருந்த அம்மா பின்கோடு கேட்டார்.

பதில் வரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அசரவில்லை. மாதம் ஒன்று என்று நினைவூட்டல் கடிதம் அனுப்பினார். 'பார்வை: எமது முந்தைய கடிதங்கள்' என்று தேதிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார். ஆறாவது கடிதத்தில் பார்வையே பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாதமும் குர்ஷித் பேகம் முட்டிவலியோடு பஸ் ஏறி வந்து, ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் முன்னால் சும்மாவாவது மெஷினைத் திறந்து பேப்பரைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

2024 பிப்ரவரி முதல் தேதி, அந்த நாட்டில் ராணுவம் வந்த மூன்றாம் ஆண்டு நிறைவு. மணிக்கூண்டு பக்கம் கண்டன ஆர்ப்பாட்டம் என்று கருப்புசாமி முடிவு செய்தார். போலீஸ் அனுமதிக்கான கடிதத்தை ஸ்தனிஸ்லாஸ் எழுதியதால் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை, உருவ பொம்மை எரிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கருப்புசாமிக்கு அது ஒரு கை போன மாதிரி.

அப்புறம் ஃப்ளெக்ஸ். கையூமின் போட்டோவைப் போடக் குர்ஷித் பேகத்துக்கு மனசில்லை. அங்கே அவனுக்கு ஏதாவது கெடுதல் வந்துவிட்டால் என்று பயந்தார். பயப்பட வேண்டியவர் அந்த ராணுவத் தலைவர்தான் என்று கருப்புசாமி தைரியம் சொன்னார். போட்டோ இல்லாத ஃப்ளெக்ஸை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அது உண்மைதான். கடைசியில், 98இல் தம்பி இங்கே வந்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் குர்ஷித் பேகம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, அளவெடுத்த சிரிப்பு.

இனி நடந்தது என் தப்பு. மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து அச்சுக்கு அனுப்புவது நான்தான். அந்த வாரம் ஒரே கல்யாண வேலை. நேரமில்லாமல், போன மாதம் கருப்புசாமியின் மாமனாருக்குச் செய்த டிசைனைத் திறந்து அதிலேயே மாற்றினேன். கறுப்புப் பின்னணி கண்டனத்துக்கும் பொருந்தும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் இருந்த குத்துவிளக்கை எடுத்துவிட்டுப் பிறை வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. மேலே நடுவில் வட்டத்துக்குள் கையூம் படம். அதற்குக் கீழே இடது பக்கம் 'பிறப்பு: 12.8.1961'. வலது பக்கம் 'கைது: 9.3.2021'. அதற்கும் கீழே கண்டன வாசகம். வரிசையாக எங்கள் ஐந்து பேர் படம். கருப்புசாமி மட்டும் கை கூப்பியிருந்தார்.

ஆர்ப்பாட்டத்தில் பதினான்கு பேர் கலந்துகொண்டோம். அதில் ஐந்து பேர் போலீஸ். கருப்புசாமி நன்றாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் இருபது வருஷப் பழக்கம் யாரை விட்டது? பத்தாவது நிமிஷம் "நிறைவேற்று நிறைவேற்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை" என்று போய்விட்டது. வேடிக்கை பார்த்த சில பெண்கள் அப்போதுதான் உற்சாகமாகக் கூடச் சேர்ந்தார்கள். எங்கள் ஆர்ப்பாட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்த ஒரே தருணம் அதுதான்.

நான் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். ரோட்டில் போனவர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பூக்கடைக்காரம்மா ஒரு முழம் ரோஜாச் சரத்தைக் கொண்டுவந்து அதன் மூலையில் சொருகிவிட்டு, "நல்ல களையான மொகம்" என்று சொல்லிப் போனார். எங்கள் போராட்டம் மக்கள் மனதைத் தொட்டுவிட்டது என்று ஸ்தனிஸ்லாஸ் கண்கலங்கினார்.

வட்டத்துக்குள் ஒரு படம், கீழே இரண்டு தேதி. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று யார் நின்று படிக்கிறார்கள்?

மத்தியானமே பேகம்பூரில் குர்ஷித் பேகம் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜமாத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து துஆ ஓதினார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று அக்கம்பக்கத்தில் சமைத்து அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், இல்லை, உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாள் அப்படிப் போயிருக்கிறது.

நாலாம் நாள் கடைக்கு வந்தார். கருப்புசாமி ஒருமாதிரி இளித்துக்கொண்டு, விளம்பரம் கிடைத்ததே என்று ஆரம்பித்தார். குர்ஷித் பேகம் அவரைப் பார்க்கவே இல்லை.

"ரீனா, நீ போட்ட ரெண்டு தேதிக்கு நடுவுல என் தம்பியப் படுக்க வச்சுட்டீங்கம்மா" என்றார். "மூணு வருசமா நான் ஒருத்திதேன் அவனத் தூக்கி ஒக்கார வச்சுக்கிட்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் காலில் விழலாம் என்றுகூடத் தோன்றியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, எங்கள் குரங்கு ஒரு உயிர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே ஃப்ளெக்ஸைக் கிழித்தேன். ஸ்தனிஸ்லாஸ் ஒரு வாரம் மேசையை விரிக்கவில்லை.

ஆனால் ஃப்ளெக்ஸைக் கிழிக்கலாம், வாட்ஸ்அப்பைக் கிழிக்க முடியாது. உறவுக்காரர் ஒருவர் எடுத்த படம் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து மோல்மீனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஷாஹினாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாப்பா படம், பிறை, இரண்டு தேதி. இந்தியாவுக்குத் தூதரகம் மூலம் மரணச் செய்தி வந்துவிட்டது, நமக்குத்தான் சொல்லவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பாத்திஹா ஓதி முடித்து, பள்ளிவாசல் பெரியவர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக உள்ளூர்ச் சிறை வாசலுக்குப் போய், வாப்பாவின் மய்யத்தைக் கொடுங்கள், அடக்கம் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

உயிரோடு இருக்கும் ஆளைக் கேட்டால் விரட்டிவிடலாம். பிணத்தைக் கேட்டால் ஒன்று பிணத்தைக் காட்ட வேண்டும், அல்லது ஆளைக் காட்ட வேண்டும். அங்கேயும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. ஒரு அதிகாரி எரிச்சலோடு பதிவேட்டைப் புரட்டி, உன் அப்பன் சாகவில்லை, இன்ன ஊர்ச் சிறையில் இருக்கிறான், கிளம்பு என்றிருக்கிறார். ஏழு கோரிக்கைக் கடிதங்களால் முடியாததை என் கவனக்குறைவு சாதித்தது. இதற்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அஸ்பாக் போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது குர்ஷித் பேகம் எங்கள் கடையில்தான் இருந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

செய்திக்கு ஒரு வாலும் இருந்தது. அந்த அதிகாரி ஷாஹினாவின் போனில் ஃப்ளெக்ஸ் படத்தைப் பார்த்துவிட்டார். இது என்ன கூட்டம் என்று கேட்டிருக்கிறார். ஏப்ரலில் புத்தாண்டுக்குக் கொஞ்சம் பேரை மன்னித்து விடுவது அங்கே வழக்கமாம். இந்தியாவில் உள்ள அந்தக் குழு கலைக்கப்பட்டுவிட்டது என்றும், கையூம் தெரியாமல் செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்றும், குடும்பத்தில் வயதில் மூத்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பட்டியலில் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு சர்வாதிகார அரசாங்கம் எங்களைப் பொருட்படுத்திய செய்தி அது. கருப்புசாமிக்கு ஒரு கணம் மார்பு விம்மியது. கலைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. "மூணு கட்சி மாறியிருக்கேன், ஒண்ணையும் கலைச்சதில்லண்ணே" என்று ஸ்தனிஸ்லாஸைப் பார்த்து முறையிட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் வேறு காரணத்துக்காக முடியாது என்றார். அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். முப்பது வருஷமாக ஊரிலுள்ள அத்தனை பேருக்காகவும் குனிந்து எழுதியவர். கும்பிட்டு எழுதுவது வேறு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு என்று சொன்னார். பாய்லர் மூடியைத் தட்டியது குற்றம் என்று நான் எப்படிம்மா எழுதுவேன், அப்புறம் இந்தப் பேனாவால் வேறு எதை எழுதுவேன் என்று கேட்டார். "இது மனு இல்ல, மண்டி போடுறது" என்றார்.

குர்ஷித் பேகம் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு முட்டிவலி சார்" என்றார். "மடக்க வராது. எனக்குப் பதிலா நீங்க போடுங்க."

குழு கூடியது. கலைப்பதென்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எங்கள் அமைப்பில் வாக்குவாதம் இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. ஸ்தனிஸ்லாஸ் மறுநாள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே சிறந்த மனு அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். என் தம்பி வயதானவன், விவரமறியாதவன், மற்றவர் பேச்சைக் கேட்டுச் செய்துவிட்டான், தன் செயலுக்கு மனம் வருந்துகிறான், இனி அரசாங்கத்துக்கு என்றும் கட்டுப்பட்டு நடப்பான் என்று அக்கா சொல்வதுபோல் இருந்தது. டைப் செய்யும்போது எனக்கே அந்த ராணுவத் தலைவர்மேல் மரியாதை வந்துவிடும்போல் இருந்தது. பிறகு கூசியது. குர்ஷித் பேகம் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். அஸ்பாக் போனில் வாசிக்க வாசிக்க, மோல்மீனில் ஷாஹினா அதைப் பர்மிய மொழியில் எழுதிக் கொடுத்தாள்.

ஏப்ரலில் விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வரும் என்று தகவல் வந்ததும், கலைந்த குழு மறுபடி பேகம்பூர் வீட்டில் கூடிவிட்டது. கருப்புசாமி ஒரு சால்வை வாங்கி வந்திருந்தார். போனுக்கு எப்படிப் போர்த்துவது என்று அவர் யோசித்திருக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் இஸ்திரி போட்ட சட்டை. முப்பது வருஷ உழைப்பில் ஒரு மனுவுக்காவது பலன் கிடைத்ததை நேரில் கேட்கப் போகிறோம் என்ற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். நாங்கள் என்னென்ன செய்தோம் என்று கையூம் கேட்டால் யார் சொல்வது என்றுகூடப் பேசி வைத்திருந்தோம்.

அஸ்பாக் ஸ்பீக்கரில் போட்டான். சலாம் சொன்ன குரல் மெலிந்து, இடையிடையே மூச்சு வாங்கியது. பேசியது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தமிழ். அக்கா நல்லா இருக்கியா, முட்டிவலி எப்படி இருக்கு என்று கேட்டார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, வெளிய விடுறப்ப ஒரு தாள வாசிச்சுக் காட்டுனாங்க. தப்புப் பண்ணிட்டேன், மனசு வருந்துறேன்னு நான் சொன்னதா அதுல இருக்கு. மூணு வருசமா அந்த மாதிரித் தாளத்தேன் மாசா மாசம் என் முன்னால நீட்டுவாங்க. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போடான்னாங்க. நான் போடல. பல்ல ஒடச்சாங்க, அப்பவும் போடல. இப்ப என் பேருக்கு யாரு போட்டது?"

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று வருஷமும் அந்த மனிதர் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்திருக்கிறார். போடாமல் இருந்திருக்கிறார். முத்திரையும் கோஷமும் ஃப்ளெக்ஸுமாக நாங்கள் இங்கே நடத்திய எதிர்ப்பையெல்லாம் ஒன்றாக வைத்தாலும் அந்தப் போடாத கையெழுத்துக்கு முன்னால் நிற்காது. அதை நாங்கள்தான், அழகான தமிழில், அடித்துவிட்டிருந்தோம். ஸ்தனிஸ்லாஸ் எழுந்து, போன் பக்கம் குனிந்து, நான்தான் எழுதினேன் என்று சொல்லப் போனார். குர்ஷித் பேகம் கையை நீட்டி அவரை மறித்தார்.

"நாந்தேன் போட்டேன்" என்றார். "வையணும்னா இங்க வந்து வையி. இப்ப என்ன சாப்ட்டேன்னு சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று அஸ்பாக் போனைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஸ்தனிஸ்லாஸ் தலையைத் தூக்கவே இல்லை.

"சோறு" என்றார் கையூம். "பருப்பு. ஒரு முட்டை. மென்னு தின்ன முடியல, பெசஞ்சு குடுத்தா புள்ள."

குர்ஷித் பேகம், முழு முட்டையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, கையூம் அழ ஆரம்பித்தார்.